ஹாரனும் ஊமை, ஏர்பேக் விளக்கும் அணையவில்லை

என் காரில் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கிய வாரத்திலேயே ஹாரனும் ஊமையானது. இரண்டும் சேர்ந்து போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளாக் ஸ்பிரிங்கைத்தான். ஸ்டீயரிங் சுழலும்போதும் அதிலுள்ள ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின் இணைப்பு அறாமல் காக்கும் பாகம் அது. பெயரில்தான் ஸ்பிரிங், உள்ளே இருப்பது பாய்போல் சுருட்டிய தட்டையான கம்பி நாடா. என்னுடையதில் ஒரு மடிப்பில் மயிரிழை விரிசல்.

இதை மாற்ற, சக்கரங்களை நேராக நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு 10 நிமிடம் காத்திருங்கள். மின்தேக்கியில் மிச்சமிருக்கும் மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கப் போதும். கழற்றிய ஏர்பேக்கை முகப்பு மேலே பார்க்கும்படி வையுங்கள்; அதில் மல்ட்டிமீட்டர் வைக்கவே கூடாது. ஸ்டீயரிங்கிலும் தண்டிலும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். ஸ்டீயரிங்கின் நடு நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை இழுங்கள். நான் முழுதாகக் கழற்றி, மூக்கில் அடி வாங்கியவன்.

புதிய கிளாக் ஸ்பிரிங் பெரும்பாலும் அதன் சுழற்சியின் நடுவில் பூட்டப்பட்டே வரும். மாட்டும் முன் சுழற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கூடாது; நடு தவறினால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது நாடா அறுந்துவிடும். மாட்டியபின் பூட்டை எடுக்க மறந்தாலும் தொல்லைதான். நட்டைக் கையேடு சொல்லும் முறுக்குவிசையில் இறுக்கி, பேட்டரியைக் கடைசியாக இணையுங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால் ஸ்கேனரால் பிழைக்குறியை அழித்துப் பாருங்கள்.