சேலத்துக் குடும்பக் கம்பெனியிலிருந்து அமெரிக்காவுக்கு: எல்-1ஏ விசாவுக்குத் தகுதி பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் ஒரு கிளை திறந்து ஆள் அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் விசா ஃபாரத்தைத் தேடுகிறார்கள். ஃபாரம் கடைசி வேலை. முதலில் எடுக்க வேண்டியது பங்குதாரர் பட்டியல்.

படி 1: இரண்டு கம்பெனிக்கும் சொந்தக்காரர் யார்?

எல்-1ஏ என்பது ஒரு நிறுவனம் தன் நிர்வாகியையோ மேலாளரையோ தன் அமெரிக்க நிறுவனத்துக்கு மாற்றி அனுப்பும் விசா. ஆகவே இங்கிருப்பதும் அங்கிருப்பதும் தாய் நிறுவனம், துணை நிறுவனம், கிளை, அல்லது ஒரே உரிமையாளரின் கீழுள்ள இரு நிறுவனங்கள் என்ற உறவில் இருக்க வேண்டும். நம் ஊர்த் தொழில்கள் சறுக்குவது இங்கேதான். கொண்டலாம்பட்டியில் துண்டும் பெட்ஷீட்டும் ஏற்றுமதி செய்யும் கம்பெனி முழுக்க அப்பா பெயரில்; நியூஜெர்சியில் தொடங்கிய எல்எல்சி (அமெரிக்காவில் பதிவு செய்யும் ஒருவகைக் கம்பெனி) முழுக்க மகன் பெயரில் என்று வையுங்கள். வீட்டுக்கு அது ஒரே சொத்து. விசா அதிகாரிக்கு ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு கம்பெனிகள். ரத்த உறவு கணக்கில் வராது.

சேலம் கம்பெனியே அங்கே 51 சதவீதமாவது வைத்திருந்தால் சிக்கல் இல்லை. அண்ணன் தம்பி இங்கே 60:40 என்றால், அங்கேயும் ஏறக்குறைய அதே விகிதத்தில் வைத்துக்கொள்ளலாம். பணம் போகும் வழியையும் பாருங்கள். கம்பெனி முதலீடு என்றால் கம்பெனிக் கணக்கிலிருந்து, வங்கியில் ஃபாரம் எஃப்சி (வெளிநாட்டு முதலீட்டுப் படிவம்) கொடுத்துப் போக வேண்டும். எல்ஆர்எஸ், அதாவது தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்தின் வரம்பில் (நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்) அனுப்பினால் அது அந்தத் தனிநபரின் முதலீடு. அதைக் காட்டிக் கம்பெனியின் பங்கு என்று சொல்ல முடியாது.

படி 2: ஒரு வருட வேலை

மனு போடுவதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள், தொடர்ச்சியாக 1 ஆண்டு, போகிறவர் முழுநேரமாக இங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். நடுவில் அமெரிக்கா போய் 40 நாள் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடாது. ஆனால் அந்த 40 நாளும் கணக்கில் சேராது, கூடுதலாக உழைத்து நிரப்ப வேண்டும்.

ஆதாரம்: ஃபாரம் 16, சம்பளப் பட்டியல், பிஎஃப் பாஸ்புக், மாதாமாதம் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு. "பையன்தான் எல்லாம் பார்த்துக்கிறான், செலவுக்குக் கல்லாவுல எடுத்துக்குவான்" என்றால் கையில் ஆதாரமே இல்லை. இன்றைக்கே சம்பளப் பட்டியலில் ஏற்றி ஒரு வருடம் காத்திருங்கள். பின்தேதியிட்டு ரசீது தயாரித்தால் மோசடி என்று முத்திரை விழும்.

படி 3: பதவி அல்ல, வேலை

விசிட்டிங் கார்டில் "டைரக்டர்" என்று இருப்பதற்கு மதிப்பில்லை. தறிக்காரர்களை நேரடியாக மேய்ப்பவர் மேஸ்திரிதான், மேலாளர் அல்ல. போகிறவருக்குக் கீழே மேலாளர்களோ, பட்டப்படிப்பு தேவைப்படும் வேலை செய்பவர்களோ இருக்க வேண்டும். அல்லது நிறுவனத்தின் முக்கியமான ஒரு செயல்பாடு முழுவதும் அவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

"உற்பத்தியையும் ஏற்றுமதியையும் கவனிக்கிறார்" என்று எழுதினால் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வரும். இப்படி எழுதுங்கள்: மூன்று பிரிவு மேலாளர்களின் வேலையை ஆய்வு செய்வது 30%, பட்ஜெட், விலை நிர்ணயம் 25%, வாங்குபவர்களுடன் ஒப்பந்த நிபந்தனைகளை முடிவு செய்வது 25%, மேலாளர் நியமனம், சம்பள உயர்வு, நீக்கம் 20%. கூடவே யாருக்குக் கீழே யார் என்ற வரைபடம், பெயரோடும் படிப்போடும்.

படி 4: அங்கே அலுவலகம் புதிதா?

புதிது என்றால் இடம் எடுத்ததற்கான வாடகை ஒப்பந்தம் வேண்டும். போகிறவர் இங்கே செய்த ஒரு வருட வேலையும் நிர்வாக அல்லது மேலாளர் வேலையாகவே இருந்திருக்க வேண்டும். முதலில் கிடைப்பது 1 ஆண்டுதான். அதற்குள் ஆள் சேர்க்காமல் பெட்டி கட்டுவது, பில் போடுவது எல்லாம் அவரே செய்துகொண்டிருந்தால் நீட்டிப்பு கிடைப்பது கஷ்டம். ஏற்கெனவே இயங்கும் அலுவலகத்துக்கு 3 ஆண்டு வரை. பிறகு இரண்டிரண்டு ஆண்டாக நீட்டி, மொத்தம் 7 ஆண்டு வரை. அதுவரை சேலம் கம்பெனியும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பூட்டினால் தகுதியும் போச்சு. போகிறவரே முதலாளி என்றால், வேலை முடிந்ததும் திரும்புவார் என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள்.

படி 5: மனு

ஐ-129 என்ற மனுப் படிவத்தை, எல் விசாவுக்கான இணைப்போடு தாக்கல் செய்ய வேண்டியது அமெரிக்கக் கம்பெனி, போகிறவர் அல்ல. ஐ-907 (விரைவுப் பரிசீலனை) கட்டணம் கட்டினால் 15 வேலை நாட்களுக்குள் பதில் வரும். அந்தப் பதில் கூடுதல் ஆதாரக் கடிதமாகவும் இருக்கலாம். பத்திரத் தாளில் தமிழில் எழுதிய கூட்டு ஒப்பந்தம் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேருங்கள். ஒப்புதல் வந்த பிறகு டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். மனைவிக்கோ கணவருக்கோ எல்-2 விசா. அதில் வேலையும் பார்க்கலாம்.

கிரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அட்டை) எண்ணம் இருந்தால் இபி-1சி என்ற மேலாளர், நிர்வாகி பிரிவில் ஐ-140 மனு போட வேண்டும். அதற்கு அமெரிக்கக் கம்பெனி குறைந்தது 1 ஆண்டு வியாபாரம் செய்திருக்க வேண்டும். லேபர் சர்ட்டிபிகேஷன் (அந்த வேலைக்கு அமெரிக்கர் கிடைக்கவில்லை என்ற தொழிலாளர் துறைச் சான்று) தேவையில்லை. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்தப் பிரிவிலும் வரிசை உண்டு. அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் வரிசை எந்தத் தேதிவரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.