லாப்ரடார் குட்டி: தேர்வு, தீனி, பழக்கம் – முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

லேப் குட்டி வேண்டும் என்று விசாரித்தால் தரகர் வாயில் முதலில் வரும் சொற்கள் இரண்டு: ‘டபுள் போன்’, ‘பஞ்ச் ஃபேஸ்’. இந்த இனத்துக்கான அதிகாரபூர்வ வரையறை எதிலும் இப்படி ஒரு வகை கிடையாது. கால் தடித்து, முகம் அமுங்கி, எடை கூடிய குட்டியை அதிக விலைக்குத் தள்ளச் சந்தை கண்டுபிடித்த பெயர்கள் இவை. அந்தக் கூடுதல் எடையைப் பின்னாளில் சுமக்கப்போவது அதன் இடுப்பு மூட்டுதான்.

லாப்ரடார் எதற்காக உருவானது என்று தெரிந்துகொண்டால் அதை வளர்ப்பதில் பாதிக் குழப்பம் தீரும். இதன் மூதாதை நாய்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு வேலை செய்தவை. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து பிரிட்டனுக்குப் போய், சுட்டு விழுந்த பறவையைச் சேதமில்லாமல் கவ்விவரும் வேட்டை நாயாக வளர்த்தெடுக்கப்பட்டன. 1903இல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. வாயில் எதையாவது தூக்கிக்கொண்டே திரிவது, தண்ணீரைக் கண்டால் இறங்குவது, குளிர் தாங்கும் இரட்டை ரோமம் எல்லாம் அந்த வேலையின் மிச்சம். அடங்காத பசியும் கூடவே உண்டு. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை உணர்த்தும் பாதையில் உள்ள ஒரு மரபணு குறைபட்டிருக்கிறது என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பழக்குவதற்கு இந்தப் பசிதான் பிடி. கவனிக்காமல் விட்டால் நோய்க்கும் அதுவே வழி.

படி 1: குட்டிக்கு முன் தாயைப் பாருங்கள்

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது நாய் வாங்குபவர்களுக்கென்றே சொன்னது போலிருக்கும். குட்டி இருக்கும் இடத்துக்கு நேரில் போங்கள். தாய் அங்கேயே இருக்க வேண்டும். வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வருகிறதா, மூலையில் ஒடுங்குகிறதா என்று கவனியுங்கள். குட்டிகளோடு இருக்கும் தாய் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது இயல்பு; வளர்ப்பவர் அருகில் நின்று தட்டிக்கொடுத்த பிறகும் உறுமினாலோ நடுங்கினாலோ, எவ்வளவு அழகான குட்டியாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். ‘தாய் ஊரில் இருக்கிறது’ என்ற பதிலுக்கும் அதே முடிவுதான்.

அடுத்து, தாய் தந்தை இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை மூட்டு எக்ஸ்ரே எடுத்த அறிக்கை உண்டா என்று கேளுங்கள். இடுப்பு மூட்டுப் பந்து குழியில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருப்பது இந்த இனத்தின் பெரிய குறை. கணிசமாக மரபு வழி வருவது. பார்வையைப் படிப்படியாக அழிக்கும் விழித்திரை நோய், கடும் ஓட்டத்துக்குப் பிறகு பின்னங்கால் துவண்டு விழும் கோளாறு ஆகிய இரண்டுக்கும் மரபணுச் சோதனை இருக்கிறது. பெற்றோர் இரண்டிடமிருந்தும் குறைபட்ட மரபணு வந்தால்தான் குட்டிக்கு நோய் வரும் என்பதால், இரண்டில் ஒன்று சுத்தமாக இருந்தாலே அந்தக் கவலை இல்லை. நம் ஊரில் இந்த அறிக்கைகளை வைத்திருப்பவர்கள் குறைவு. கேட்டவுடன் சிரிக்கிறாரா, எடுத்துக் காட்டுகிறாரா என்பதிலேயே ஆளை எடைபோடலாம்.

கேசிஐ சான்று, அதாவது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பதிவு, பரம்பரையைச் சொல்லும். ஆரோக்கியத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. சான்றில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் தோலுக்கடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஸ்கேனரில் பார்த்துவிடுங்கள்.

நிறத்தை வைத்தும் ஒரு பொய்யைப் பிடிக்கலாம். ஏற்கப்பட்ட நிறங்கள் மூன்று: கறுப்பு, மஞ்சள், சாக்லேட். மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் பிறப்பவை எல்லாம் மஞ்சள்தான். சாக்லேட் ஜோடிக்குச் சாக்லேட்டும் மஞ்சளும் பிறக்கும், கறுப்பு பிறக்காது. கறுப்பு ஜோடிக்கு மூன்று நிறமும் பிறக்கலாம். இரண்டு மஞ்சள் நாய்களைக் காட்டி ‘இவைதான் அப்பா அம்மா’ என்று கறுப்புக் குட்டியை நீட்டினால் எங்கோ கணக்கு இடிக்கிறது. ‘சில்வர்’ என்று கூடுதல் விலை சொல்வதற்கு மயங்காதீர்கள்.

வயது 8 வாரம் நிறைந்திருக்க வேண்டும். அதற்குள் விற்பதை 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடை செய்கின்றன. ‘சின்னதிலேயே வந்தால்தான் ஒட்டும்’ என்று 30, 35 நாளில் கொடுப்பார்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை குட்டி தன் உடன்பிறப்புகளைக் கடித்து, அவை கத்தி விலகுவதைப் பார்த்துத்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்கிறது. அந்தப் பாடம் விட்டுப்போன குட்டி உங்கள் கையில் அதைக் கற்கும்.

குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஈறு இளஞ்சிவப்பாக, கண்ணும் மூக்கும் ஒழுகாமல், ஆசனவாய் சுத்தமாக இருக்க வேண்டும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை போல் உப்பியிருந்தால் குடற்புழு. காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள். பிறகு சற்றுத் தள்ளிச் சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டுவிட்டுச் சில நொடியில் வந்து முகர்ந்து பார்க்கும் குட்டிதான் முதல்முறை வளர்ப்பவருக்கு ஏற்றது. ஓடி ஒளிந்து திரும்பி வராததை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலில் உங்கள் மேல் ஏறுவதும் நல்ல குட்டிதான். ஆனால் அடுக்குமாடி வீட்டில் உங்கள் பாடு திண்டாட்டம்.

படி 2: முதல் வாரம், தடுப்பூசி

வீட்டுக்கு வந்த அன்றே தீனியை மாற்றாதீர்கள். அங்கே தின்றதையே மூன்று நாள் கொடுத்து, பிறகு கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என ஒரு வாரத்தில் புதியதற்கு மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். வந்தபின் அது தீனியாலா, குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸாலா என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். சோர்வு, வாந்தி, நாற்றமெடுக்கும் ரத்தக் கழிச்சல் என்றால் பார்வோவாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் வரை போகும். ஒன்று போட்டால் போதாதா என்பார்கள். தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்துவிடும். எந்தக் குட்டிக்கு அது எந்த வாரம் தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெறிநோய் ஊசி மூன்று மாதம் முடிந்து, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். சென்னையில் இருந்தால் மாநகராட்சி உரிமமும் எடுத்தாக வேண்டும்.

ஊசி முடியும்வரை தெருவில் இறக்கக்கூடாது என்பது சரி. அதற்காக நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்பது பெரிய தவறு. உலகம் ஆபத்தில்லாதது என்று குட்டி மனதில் பதியும் காலம் 12 முதல் 14 வாரத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். கையில் தூக்கிக்கொண்டு போங்கள். ஆட்டோ சத்தம், தொப்பி போட்டவர், குடை பிடித்தவர், சிறுபிள்ளைகள், கோயில் மேளம் எல்லாம் பார்க்கட்டும். வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போதும் மிக்ஸி ஓடும்போதும் ஒரு துண்டுக் கோழிக்கறி கொடுங்கள். பட்டாசுச் சத்தத்தைப் பதிவில் மிகச் சன்னமாக ஓடவிட்டு, நாளுக்கு நாள் கூட்டுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் தொடங்கிப் பயனில்லை.

படி 3: தீனி

மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. பெரிய இனக் குட்டிக்கென்றே உள்ள தீனியாக வாங்கி, பையில் உள்ள அளவைக் கிராமில் நிறுத்துக் கொடுங்கள். டம்ளர் கணக்கு கைக்குக் கை மாறும். பத்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், லேப் விஷயத்தில் பெரும்பாலும் ஒரு நிமிடத்திலேயே காலியாகும். அது பார்க்கும் பார்வைக்கு இரங்கி இன்னொரு பிடி போடும் வீட்டில்தான் ஆறாம் மாதம் குட்டி உருண்டையாகிறது.

அளவு சரியா என்று பார்க்கத் தராசைவிட விரல் நல்லது. விலாவை லேசாகத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் மற்றவற்றைவிட ஏறக்குறைய 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்த்தால் புரதம் போதாது. அந்தக் குறையை ஈடுகட்டக் கால்சியம் டானிக் ஊற்றுவது இன்னும் கெடுதல். பெரிய இனக் குட்டியின் குடலுக்குத் தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தை ஒதுக்கத் தெரியாது. மிஞ்சியது எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். முழுத் தீனி தின்னும் குட்டிக்கு, மருத்துவர் சொல்லாமல் டானிக் எதுவும் வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு அறவே கூடாது.

படி 4: மூத்திரப் பழக்கமும் கடியும்

தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும், இவை தவிர பகலில் மணிக்கொரு முறையும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போய் முடித்த அடுத்த நொடி, அங்கேயே நின்று, ஒரு துண்டு தீனி கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குத்தான் கூலி என்று புரிந்துகொள்ளும். தரையில் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம், உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் போகத்தான் கற்றுக்கொடுக்கும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். வாடை மிஞ்சினால் அதே இடத்துக்குத்தான் திரும்பும். பினாயில் வேண்டாம், பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வாய்க்குள் போகும்.

நான்காம் மாதத்திலிருந்து 28 பால்பல் விழுந்து 42 பல் முளைக்கும். ஈறு ஊறலெடுக்கும். நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் உறையவைத்த பருத்தித் துணியோ, குளிர்ந்த கேரட்டோ கொடுத்து, பக்கத்தில் இருந்து பாருங்கள். கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்து, அரை நிமிடம் முகம் திருப்பிக்கொள்ளுங்கள். செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள், அதற்கு அதைவிடப் பெரிய கொண்டாட்டம் கிடையாது. இன்னொரு பொருளை நீட்டிப் பண்டமாற்று செய்யுங்கள். பிடுங்கிப் பிடுங்கிப் பழக்கினால், நாளைக்கு எதை எடுத்தாலும் விழுங்கித் தீர்க்கும் நாயாகும். சாக்ஸ் விழுங்கி அறுவைசிகிச்சைக்குப் போவது இந்த இனத்தில் சாதாரணம்.

படி 5: நான்கு கட்டளைகள்

பயிற்சிக்கான தீனி பட்டாணி அளவு; அன்றைய மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், அதைத் தட்டிலிருந்து கழித்துவிடுங்கள். மூன்று நிமிடம், நாளுக்கு மூன்று முறை போதும்.

முதலில் வீட்டார் எல்லாரும் சொற்களை முடிவு செய்யுங்கள். அப்பா ‘ஸிட்’, அம்மா ‘உட்காரு’, தாத்தா ‘ஒக்காருடா’ என்றால் குட்டிக்கு அவை மூன்று வெவ்வேறு ஓசைகள்.

உட்காரு: தீனியை மூக்கருகே வைத்து, மெல்லத் தலைக்கு மேல் பின்னோக்கி நகர்த்துங்கள். தலை உயர, பின்புறம் தானாக அமரும். அமர்ந்த கணமே ‘சபாஷ்’, உடனே தீனி. பத்தில் எட்டு முறை அமர்ந்த பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும். முதுகை அழுத்தி உட்காரவைக்காதீர்கள்.

வா: வீட்டுக்குள் இரண்டடி தூரத்தில் தொடங்கி, பின் பத்து மீட்டர் கயிற்றில். வந்தால் எப்போதும் நல்லதே நடக்க வேண்டும். திட்டுவதற்கோ குளிப்பாட்டுவதற்கோ கூப்பிடாமல் நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இந்தச் சொல்லைப் பாழாக்கிவிட முடியும், திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

இழுக்காமல் நட: கயிறு விறைத்ததும் நின்றுவிடுங்கள். தொய்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனை தாண்டமாட்டீர்கள், பரவாயில்லை. முப்பது கிலோ நாய் இழுப்பதைவிட ஐந்து கிலோவிலேயே தீர்த்துக்கொள்வது சுலபம்.

விடு: மூடிய கையில் தீனியை வைத்து நீட்டுங்கள். குட்டி மூக்கால் முட்டி, நக்கி, ஓய்ந்து முகத்தை விலக்கியதும் மற்றக் கையிலிருந்து கொடுங்கள்.

மூன்று மாதம் வரை படிக்கட்டில் தூக்கிக்கொண்டே போங்கள். அந்த வயதில் படியேறிப் பழகிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுவதாக நார்வேயில் நடந்த ஆய்வு சொல்கிறது. புல், மண் தரையில் சுதந்திரமாக ஓடியவற்றுக்குக் குறைந்தது. வழுக்கும் டைல்ஸில் ரப்பர் விரிப்பு போடுங்கள். நடை, காலை ஏழுக்கு முன்போ இருட்டியபின்போ. உங்கள் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. மூச்சிரைப்பு அடங்காமல் எச்சில் கெட்டியாக ஒழுகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்றில் வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

படி 6: உங்கள் பெட்டையிடம் குட்டி எடுக்க நினைத்தால்

‘ஒரு ஈத்தாவது போடட்டும், அப்போதுதான் பெட்டைக்கு நல்லது’ என்பதில் மருத்துவ உண்மை எதுவும் இல்லை. அதையும் தாண்டி வேண்டும் என்றால், இரண்டு வயது முடியட்டும்; மூட்டு எக்ஸ்ரே எடுங்கள்; விற்பதாக இருந்தால் மாநில விலங்கு நல வாரியத்தில் பதியுங்கள்.

ஹீட், அதாவது பெட்டை இணைசேரும் பருவம், ஏறக்குறைய மூன்று வாரம். ‘பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள்’ என்ற வாய்க்கணக்கு பல பெட்டைகளுக்குப் பொருந்தாது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையில் முட்டை வெளியான நாளைக் கண்டு, அதற்கு இரண்டு நாள் கழித்துச் சேர்ப்பதே சரியான கணக்கு. முட்டை வெளியான நாளிலிருந்து 63ஆம் நாளை ஒட்டிப் பிரசவம். 25 நாளுக்கு மேல் ஸ்கேன். 55 நாளுக்கு மேல் எக்ஸ்ரேயில் குட்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள், கடைசிக் குட்டி வந்துவிட்டதா என்று நடுராத்திரியில் குழம்ப வேண்டியிருக்காது.

கடைசி வாரம் நாளுக்கு இரண்டு முறை உடல் வெப்பம் பாருங்கள். 37.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி எடுக்கும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, உள்ளே இன்னும் குட்டி இருக்க இரண்டு மணி நேரமாக எதுவும் வரவில்லை, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நீர் வடிகிறது: இவற்றில் எது நடந்தாலும் வண்டியை எடுங்கள். பிறந்த குட்டிக்குத் தன் சூட்டைக் காக்கத் தெரியாது. முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி இருக்கட்டும், விசிறி நேராக அடிக்கக்கூடாது. தினமும் எடை போட்டுக் குறித்துவையுங்கள். ஒரு நாள் ஏறாமல் நின்றால் பால் கிடைக்காமல் இருக்கலாம்.

கால்சியம் இங்கேயும் வருகிறது. சினையாக இருக்கும்போது அதை ஊற்றினால், எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். பால் சுரப்பு உச்சத்துக்குப் போகும் முதல் நான்கு வாரத்தில் ரத்தத்தில் திடீரென்று குறைந்து, தாய் இரைக்கும், நிலைகொள்ளாமல் அலையும், கால்கள் விறைத்து நடுங்கும். குட்டிகளை உடனே பிரித்துவிட்டு, தாயை அந்த நிமிடமே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ரத்தக்குழாய் வழியே மெதுவாகக் கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டில் வாய்வழி கொடுத்துப் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.