பேசாதவரின் முகம் எங்கே? குறும்படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள என் தொகுப்பறைக்கு இரண்டு இளைஞர்கள் ஒரு ஹார்ட் டிஸ்க்குடன் வந்தார்கள். 12 நிமிடக் குறும்படம் ஒன்றுக்காக 4 நாட்கள் எடுத்த காட்சிகள் அதில் இருந்தன. வெளிச்சம் நன்றாக இருந்தது, ஒலி அதைவிட நன்றாக இருந்தது. ஆனாலும் இரண்டாவது காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பழைய எரிச்சல் ஏறத் தொடங்கிவிட்டது. 11 ஆண்டுகளுக்கு முன் நான் விட்ட பிழையை, கமரா வைத்த இடம் முதற்கொண்டு, அப்படியே விட்டிருந்தார்கள்.

கமரா ஆடுவதைப் பற்றியோ போகஸ் தவறுவதைப் பற்றியோ இங்கே எழுதப்போவதில்லை. அவை மொனிற்றரிலேயே கண்ணைக் குத்தும், அடுத்த படத்தில் தாமாகத் திருந்தும். உரையாடும் இருவருக்கு இடையிலான கற்பனைக் கோட்டைக் கமரா தாண்டக்கூடாது என்ற 180 பாகை விதியும் இப்போது எல்லோருக்கும் மனப்பாடம். படப்பிடிப்பின்போது ஒருவர் கண்ணிலும் படாமலிருந்து, தொகுப்பு மேசையில் வந்து தலைகாட்டுகின்ற பிழைகளே என் கவலை.

பேசுபவரை மட்டும் எடுப்பது

என் முதற் குறும்படத்தின் முக்கியமான காட்சியைக் கோப்பாயில் ஒரு பழைய நாற்சார் வீட்டில் எடுத்தோம். வெளிநாடு போவதற்காகக் காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, தாய்க்குத் தெரியாமல் ஈடு வைத்துவிட்ட மகன், திண்ணையில் சுளகோடு இருந்து அரிசி புடைக்கும் தாயிடம் அதை ஒப்புக்கொள்கிறான். மகனாக நடித்தவர் நன்றாகப் பேசினார் என்பதால் அவருடைய முகத்தையே 9 தடவை எடுத்தோம். தாயின் முதுகும் மகனின் முகமும் தெரிய ஒரு வைட் ஷொட் எடுத்தோம். பொழுது சாய்ந்ததும் கமராவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

தொகுக்க இருந்தபோதுதான் அது மகனின் காட்சியே அல்ல என்பது புரிந்தது. உறுதி போய்விட்டது என்பதை நாங்கள் முந்தின காட்சியிலேயே காட்டிவிட்டோம். பார்ப்பவர் காத்திருப்பது அந்தச் செய்தி தாயின் முகத்தில் எப்படி விழுகிறது என்பதற்காக. அந்த முகம் எங்களிடம் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், 4 நிமிட வசனத்தைக் குறைக்கவும் வழியில்லாமற் போனது. ஒரே கோணத்தில் எடுத்த ஒரே முகத்தை நடுவில் வெட்டி ஒட்டினால் தலை துள்ளும். கோணம் குறைந்தது 30 பாகையாவது மாறினாலொழிய அந்த வெட்டு ஒளிந்துகொள்ளாது. கேட்பவரின் முகம் இருந்திருந்தால், அதைக் காட்டும் நேரத்தில் மகனின் மூன்று வாக்கியங்களைத் தூக்கியிருக்கலாம், இரண்டாம் தடவையின் தொடக்கத்தையும் ஏழாம் தடவையின் முடிவையும் ஒருவருக்கும் தெரியாமல் இணைத்திருக்கலாம்.

மீண்டும் எடுக்கலாம் என்று போனபோது, தாயாக நடித்த அம்மா கனடாவிலிருக்கும் மகளிடம் போய்விட்டிருந்தார். எல்லாக் காட்சிகளையும் ஒரு பிரேம் விடாமல் பார்த்ததில், ஒலிப்பதிவுக்காரர் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்த வேளையில் கமரா தற்செயலாக ஓடிப் பதிந்த 6 விநாடிகள் அகப்பட்டன. அந்த அம்மா எதையோ பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். அதை "உறுதியை வைச்சிட்டன் அம்மா" என்ற வசனத்துக்குப் பின் வைத்தோம். படம் பார்த்தவர்கள் அந்த முகத்தைத்தான் பாராட்டினார்கள். ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் அசையாத முகத்தைச் சூப்புக் கோப்பையோடும் சவப்பெட்டியோடும் மாறி மாறி இணைத்துக் காட்டி, பார்ப்பவர் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் தாமாகவே ஏற்றிக்கொள்வதைச் சுட்டினார் என்று படித்திருந்தேன், நம்பியது அன்றுதான்.

ஆனால் அந்த 6 விநாடிகளில் அம்மா மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார், காட்சியின் மற்றப் பகுதிகளில் கண்ணாடி இல்லை. ஆகவே இன்னொரு நாள் கமராவை வாடகைக்கு எடுத்து, அயலில் ஒரு அம்மம்மாவை அழைத்து, சுளகின் அருகே இருக்கும் கண்ணாடியை எடுக்கும் கைகளை மட்டும் எடுத்தோம். பின்னர் கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசிய அந்த அம்மா, "நான் உதிலை சாப்பாட்டுப் பார்சல் வருகுதோ எண்டெல்லோ பாத்துக்கொண்டு இருந்தனான்" என்று சொல்லிச் சிரித்தார். அதிர்ஷ்டம் ஒரு முறைதான் அப்படி உதவும்.

சென்ற மாதம் வந்தவர்களிடம், "தம்பி, கேட்கிற பிள்ளையின்ர முகம் எங்கை?" என்று கேட்டேன். "அவ ஒண்டும் கதைக்கேல்லைத்தானே அண்ணை" என்றார் ஒருவர். இந்தப் பதிலில்தான் பிழை முழுவதும் இருக்கிறது. வசனம் யாருடைய வாயில் இருக்கிறதோ அவரிடமே காட்சியும் இருக்கிறது என்று எண்ணி, தாளில் வசனமில்லாதவரைக் கமராவும் விட்டுவிடுகிறது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். பேசுபவரை எடுத்து முடித்ததும் கமராவைத் திருப்பி, அதே அளவு ஷொட்டில், கேட்பவரை முன்வைத்துக் காட்சி முழுவதையும் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஓட்டுங்கள். பேசும் நடிகர் லென்ஸுக்கு அருகில் இருந்து உண்மையாகவே பேசவேண்டும். அவர் தேநீர் குடிக்கப் போய்விட, உதவி இயக்குநர் தாளைப் பார்த்து வாசித்தால், கேட்பவரின் முகத்திலும் தாள்தான் தெரியும்.

வசனம் முடிந்த இடத்திலேயே வெட்டுவது

கேட்பவரின் முகத்தை எடுத்துவந்தவர்களும், ஒருவர் பேசி முடிய மற்றவர், அவர் முடிய இவர் என்று மாறி மாறி வெட்டுகிறார்கள். பார்ப்பவருக்குப் பந்தடி பார்த்த கழுத்துவலி வருகிறது. மகனின் குரல் தொடர்ந்து ஓட, "உறுதி" என்ற சொல்லிலேயே தாயிடம் போய்விடலாம். அல்லது தாயின் குரலை முதலில் கேட்கவிட்டு முகத்தைப் பின்னால் கொண்டுவரலாம். தொகுப்பாளர் வால்ற்றர் மேர்ச், ஒரு வெட்டைத் தீர்மானிக்கும் ஆறு காரணங்களுக்கு விழுக்காடு கொடுத்தபோது உணர்வுக்கு மட்டும் 51 கொடுத்தார். கதைக்கு 23, தாளத்துக்கு 10, யார் எங்கே நிற்கிறார் என்ற வெளித் தொடர்ச்சிக்குக் கடைசியாக 4. அந்த எண்களை வேதவாக்காக எடுக்கவேண்டியதில்லை, வரிசையை மறக்காதிருந்தாற் போதும்.

குளோசப்பை முதலிலேயே செலவழிப்பது

"வாங்கோ, இருங்கோ" என்பதையே குளோசப்பில் எடுத்துவிட்டால், உறுதி போன செய்தி வரும்போது கமரா இன்னும் நெருங்குவதற்கு இடமிருக்காது. படலையில் நுழையும்போது தூரத்தில் நின்று, திண்ணையில் இருக்கும்போது இடுப்பளவுக்கு வந்து, முகத்தை அந்த ஒரு சொல்லுக்காக வைத்திருங்கள்.

'கட்' சொல்வதில் அவசரம்

வசனம் முடிந்தபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நடிகர் நடிப்பதை விட்டுவிட்டுச் சும்மா இருக்கும் அந்த இடம்தான் பல தடவை எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

ட்ரோன்

ஒழுங்கைக்குள் நடக்கும் கதையை வானத்திலிருந்து பார்ப்பவர் யார் என்று முதலில் சொல்லுங்கள்.

ஸ்லோ மோஷன்

விநாடிக்கு 25 பிரேமில் எடுத்ததைக் கொண்டுவந்து இழுக்கச் சொல்லாதீர்கள். வேண்டுமானால் 50இல் எடுத்து வாருங்கள்.