வீட்டு முன்பக்கம் சின்னக் கடையோ மில்லோ போடப் போறீங்களா? அத்திவாரம் வெட்ட முதல் இதைப் பாருங்கோ

கிளிநொச்சி மாவட்டத்தில பரந்தன் பக்கம் எங்கட சித்தி 2014 இல வீட்டு முன்பக்கம் ஒரு மா அரைக்கிற மில் போட வெளிக்கிட்டவ. நகை அடைவு வைச்ச காசு. ஒபிஸில ஆரோ ஒருத்தர் "சின்னக் கட்டிடம்தானே, பிரச்சினை இல்லை, கட்டுங்கோ" எண்டு வாயால சொன்னதை நம்பி லிண்டல் மட்டம் வரைக்கும் எழுப்பிட்டா. பிறகு ஒபிஸால வந்து டேப் பிடிச்சுப் பார்த்தா முன் தூண் ரெண்டும் கட்டிட எல்லையை (ரோட்டுப் பக்கம் இதைத் தாண்டிக் கட்டக் கூடாதெண்ட கோடு) தாண்டி மூண்டடி வெளியால நிக்குது. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லாம அவவே சுத்தியலெடுத்து உடைச்சவ. அந்தக் கம்பி இப்பவும் கோழிக்கூட்டுக்குப் பின்னால வளைஞ்சு கிடக்கு.

அதால நான் ஆருக்கும் சொல்லுறது இதுதான், சீமெந்து வாங்க முதல் பேப்பரை ஒழுங்கு பண்ணுங்கோ, எவர் என்ன சொன்னாலும் எழுத்தில வாங்குங்கோ. வன்னியில கனபேருக்கு கட்டிடம் மறிபடுறது சட்டம் கூடாதெண்டு சொல்லுறதால இல்லை, ஃபைல் பிழையான ஒழுங்கில போறதாலதான்.

முதல் காணி. உறுதிக்காணி (உறுதி எழுதின சொந்தக் காணி) எண்டா பாதித் தலையிடி இல்லை. ஆனா எங்கட பக்கம் கனக்க இடம் பேர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில குடுத்த காணி, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில குடுத்தது. அதை நினைச்சபடி பிரிக்கவோ விக்கவோ ஏலாது, குடியிருக்க அல்லது பயிர் செய்யக் குடுத்த காணியில கடையோ மில்லோ போடுறதெண்டா பிரதேச செயலாளரிட்ட எழுத்தில அனுமதி கேக்கோணும், சில இடத்தில நீண்டகாலக் குத்தகைக்கு மாத்தச் சொல்லுவினம். இடம்பெயர்வில பேர்மிட் துலைஞ்சிருந்தா பயப்பிடாதேங்கோ, டி.எஸ் (பிரதேச செயலாளர்) ஒபிஸ் காணிக் கிளையில லெட்ஜர் இருக்கும், விதானையார், அதாவது கிராம சேவகரின்ர கடிதத்தோட போய் தேடிப் பார்க்கச் சொல்லுங்கோ. பேர்மிட் செத்துப்போன அப்பாவின்ர பேரிலயே கிடக்குதெண்டா பின்னுரித்து (வாரிசின்ர பேருக்கு) மாத்திற வேலையை இண்டைக்கே தொடங்குங்கோ, அதுதான் எல்லாத்திலயும் கூடக் காலம் எடுக்கும்.

அடுத்தது காணிக்குப் பக்கத்தில என்ன இருக்கெண்டு பாருங்கோ. ஏ9, இல்லாட்டி பரந்தன் முல்லைத்தீவு ரோட்டான ஏ35 கரையெண்டா ஆர்.டி.ஏ (வீதி அபிவிருத்தி அதிகார சபை), மாகாண ரோட்டெண்டா மாகாண வீதித் திணைக்களம், ஊருக்குள்ள ஒழுங்கையெண்டா பிரதேச சபை. ஸ்ட்ரீட் லைனும் (ரோட்டுக்கெண்டு ஒதுக்கின கோடு) கட்டிட எல்லையும் எங்க வருதெண்டு எழுதி வாங்கி, சேவையரைக் கொண்டு முளை அடிப்பியுங்கோ. வேலிக் கதியால் நிக்கிற இடம்தான் எல்லை எண்டு நினைக்கக் கூடாது. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் கரையில ஒதுக்கின நிலம் இருக்கு, அதுக்குள்ள ஒரு கல்லும் வைக்காதேங்கோ. வயலை மண் போட்டு நிரப்பிக் கட்டுறதெண்டா 2000 ஆம் ஆண்டு 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின்ர எழுத்து அனுமதி வேணும், இல்லாமச் செய்தா குற்றம். சனம் இல்லாத காலத்தில காடு பத்தின காணிகளில வனத் திணைக்களம் எல்லைக் கல்லு நட்டிருந்தா, பழைய பேர்மிட், வாக்காளர் இடாப்பு, பழைய கிணறு, தென்னை நிக்கிற படம் எல்லாத்தையும் சேர்த்து டி.எஸ்.இட்ட குடுங்கோ. அந்தக் கிணறும் தென்னையும் அந்தச் சனத்தின்ர சீவியம் அங்க இருந்ததுக்குச் சாட்சி, அதை எடுத்துக் காட்டத் தயங்காதேங்கோ.

உங்கட இடம் யூ.டி.ஏ (நகர அபிவிருத்தி அதிகார சபை) பிரகடனம் செய்த பகுதியோ எண்டு பிரதேச சபையில கேளுங்கோ. அப்பிடியெண்டா முழுப் பிளானும் கீற முதல் பிரிலிமினரி பிளானிங் கிளியரன்ஸ் (ஆரம்பத் திட்ட அனுமதி) எடுக்கிறது நல்லம், அந்த இடத்தில அந்த வேலை செய்யலாமோ எண்டது முதலே தெரிஞ்சிடும். பிறகு டிராஃப்ட்ஸ்மனைக் கொண்டு பிளான் கீறேக்க கிணறும் மலக்குழியும் எங்க எண்டு தெளிவாப் போடச் சொல்லுங்கோ, பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதல் பார்க்கிறதே அதைத்தான். மா மில், ஒட்டு வேலைத்தளம் மாதிரிச் சத்தம், தூசி வாற தொழிலுக்கு சுற்றாடல் பாதுகாப்பு லைசன்ஸும் வேணும், சின்ன அளவெண்டா அது சபையாலயே கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரரோட முதலே கதையுங்கோ, மெசின் எத்தினை மணிக்கு ஓடும், உமி எங்க போகும் எண்டு சொல்லுங்கோ. சித்தி பிறகு பின்பக்கச் சுவரை உயர்த்திக் கட்டித்தான் பக்கத்து அக்காவைச் சமாளிச்சவ.

சபையில ஃபைல் குடுக்கேக்க உங்கட கொப்பியில திகதி முத்திரை குத்தி வாங்குங்கோ. மாசக்கணக்கா அசையாட்டி சண்டை பிடிக்காதேங்கோ, 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில தமிழிலயே ஒரு கடிதம் குடுங்கோ, "என்ர விண்ணப்பம் இப்ப ஆரின்ர மேசையில, என்ன குறை" எண்டு. ஏன் கேக்கிறீங்கள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் தாறதோ இல்லையோ எண்ட முடிவை 14 வேலை நாளுக்குள்ள அவை அறிவிக்கோணும். எங்கட ஊரில ரெண்டு பேரின்ர ஃபைல் இந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் அசைஞ்சது.

அனுமதி வந்தாப் பிறகு பிளானில உள்ளபடிதான் கட்டோணும், மேசன் "இதில ஒரு ஜன்னல் கூட வைப்பம், அங்கால ஒரு பத்தி இறக்குவம்" எண்டா வேண்டாமெண்டு சொல்லுங்கோ, கடைசியில சி.ஓ.சி (பிளான்படி கட்டினதெண்ட சான்றிதழ்) எடுக்கேக்க அதுதான் மாட்டும். சி.ஓ.சி கையில வந்தாப்போல வியாபார லைசன்ஸுக்குப் போங்கோ.

எல்லா மூலப் பேப்பரையும் ஒரு தடிச்ச பொலித்தீன் பையில போட்டு முகட்டுப் பக்கமா உயரத்தில வையுங்கோ, 2018 மார்கழி வெள்ளத்தில பேர்மிட் நனைஞ்சு எழுத்தழிஞ்ச சனம் எங்கட பக்கம் இருக்கு. போனில படமும் எடுத்து வெளியில இருக்கிற பிள்ளை ஒண்டுக்கு வாட்ஸ்அப்பில அனுப்பி விடுங்கோ.