மலைக்குள் எத்தனை டன்: இரும்புத் தாது வளத்தை மதிப்பிடும் வழிமுறை

ஒரு மலையின் பரப்பை வரைபடத்தில் அளந்து, தாதுப் படுகை எவ்வளவு ஆழம் போகும் என்று உத்தேசமாக ஓர் எண்ணை வைத்து, இரண்டையும் பெருக்கி "இத்தனை கோடி டன்" என்று அறிவித்துவிடுவது எளிது. அந்த எண்ணை நம்பிப் பணம் போடுபவரும், அதை வைத்துச் சுரங்கத் திட்டம் வரைபவரும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் கடினம். கணக்கின் சூத்திரத்தில் எந்த மர்மமும் இல்லை: கன அளவை அடர்த்தியால் பெருக்கினால் டன் கிடைக்கும், அந்த டன்னோடு சராசரித் தரத்தைச் சேர்த்துச் சொன்னால் அது மதிப்பீடு. ஆனால் இந்த மூன்று அளவுகளும் வெவ்வேறு இடங்களிலிருந்து, வெவ்வேறு பிழைகளைச் சுமந்துகொண்டு வருகின்றன. புதிதாக இத்துறைக்கு வரும் நிலவியலாளர்கள் பெரும்பாலும் மென்பொருளில்தான் கவனத்தைச் செலுத்துகிறார்கள். இரும்புத் தாதைப் பொறுத்தவரை பெரிய பிழைகள் கணினிக்கு வருவதற்கு முன்பே, கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைவடிவப் பாறைத் துண்டு) பெட்டியிலும் தராசிலும் நிகழ்ந்து முடிந்துவிடுகின்றன என்பதே என் கருத்து. எனவே இந்த வழிகாட்டியும் அவற்றுக்கே அதிக இடம் தருகிறது.

எடுத்துக்காட்டாகச் சேலம் அருகிலுள்ள கஞ்சமலையை மனத்தில் வைத்துக்கொள்வோம். அங்கிருப்பது மேக்னடைட் குவார்ட்சைட்; அதாவது காந்தம் ஈர்க்கும் இரும்புக் கனிமமான மேக்னடைட்டும் குவார்ட்ஸும் மாறி மாறிப் பட்டைகளாக அமைந்த, மிகப் பழைய, கடுமையாக உருமாறிய பாறை. அதன் இரும்பு அளவு ஏறத்தாழ 35 சதவீதம். மலையடிவாரத்திலேயே உருக்காலை இருந்தாலும் அது இந்த மலையின் தாதை உருக்குவதில்லை என்பது பலரும் கவனிக்காத செய்தி.

எந்தத் தாது என்பதே முதல் கேள்வி

தூய ஹேமடைட்டில் இரும்பு 69.9 சதவீதம், தூய மேக்னடைட்டில் 72.4 சதவீதம். இந்த இரண்டு எண்களைப் பார்த்து இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்தால் மதிப்பீடு தொடக்கத்திலேயே வழி தவறும். சத்தீஸ்கரிலுள்ள பைலாடிலாவில் கிடைப்பது போன்ற உயர்தர ஹேமடைட்டை உடைத்து, சலித்து, கழுவி விற்றுவிடலாம். எனவே அங்கே பாறையில் இருக்கும் மொத்த இரும்பே தரத்தின் அளவுகோல். மேக்னடைட் குவார்ட்சைட்டை அப்படியே விற்க முடியாது. அதை மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்து, செறிவாக்கிய பின்புதான் அது சரக்காகிறது. அங்கே கேட்க வேண்டியது "பாறையில் எவ்வளவு இரும்பு?" என்பதல்ல, "காந்தம் எவ்வளவைத் தூக்கும்?" என்பதே. பாறையிலுள்ள இரும்பில் ஒரு பகுதி பைராக்சின் போன்ற சிலிகேட் கனிமங்களுக்குள் சிக்கியிருக்கலாம். மேற்பரப்பை ஒட்டிய பகுதியில் மேக்னடைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து மார்ட்டைட்டாக மாறியிருக்கலாம். இரண்டையும் ஆய்வக அறிக்கை இரும்பு என்றே காட்டும்; காந்தம் இரண்டையும் கைவிட்டுவிடும்.

துளையும் கோரும்

துளைகளைப் படுகையின் சாய்வுக்குக் கூடுமானவரை செங்குத்தாக வெட்டும்படி திட்டமிட வேண்டும். 60 டிகிரி சாய்ந்த படுகையில் நேர்க்கீழாக ஒரு துளையைப் போட்டு 40 மீட்டர் தாது கிடைத்தது என்று மகிழ்ந்தால், படுகையின் உண்மைத் தடிமன் அதில் பாதியான 20 மீட்டர்தான். முப்பரிமாண மாதிரியை ஒழுங்காகக் கட்டினால் இந்தப் பிழை தானாகவே நீங்கிவிடும். துளையின் நீளத்தைப் பரப்போடு நேரடியாகப் பெருக்கும் பழைய பலகோண முறையில் அது இரட்டிப்பாகவே நின்றுவிடும்.

மேக்னடைட் மலைகளுக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. துளை ஆழம் போகப்போக வளைந்து செல்லும் என்பதால், அதன் திசையை இடையிடையே அளக்க வேண்டும். அந்தக் கருவி காந்த ஊசியை நம்பியதாக இருந்தால், தாதுப் படுகைக்குள் அது காட்டும் திசை வெறும் பொய். காந்த ஊசியை நம்பாமல் சுழலியால் திசை காட்டும் ஜைரோ கருவியைப் பயன்படுத்தாத துளை எங்கே முடிகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மேற்பரப்பில் பாறையின் போக்கை அளக்கும் சாதாரணத் திசைகாட்டிக்கும் இதே கதிதான். அங்கே டோட்டல் ஸ்டேஷன் என்னும் மின்னணு நில அளவைக் கருவி கொண்டு கோடு பிடிப்பதே பாதுகாப்பு.

கோர் வெளியே வந்ததும் முதலில் பதிவு செய்ய வேண்டியது கோர் மீட்பு. 3 மீட்டர் துளையிட்டு 2.1 மீட்டர் கோர் வந்தால் மீட்பு 70 சதவீதம். காணாமல் போன 0.9 மீட்டரில் என்ன இருந்தது என்பதே கேள்வி. கெட்டிப் பாறையில் இது பெரிய தொல்லையாக இராது. ஹேமடைட் சுரங்கங்களில் "புளூ டஸ்ட்" என்று அழைக்கப்படும் பொடித் தாது, துளையிடும் நீரோடு அடித்துச் செல்லப்பட்டு, அதன் அருகிலிருந்த கெட்டியான தரம் குறைந்த பாறை மட்டும் பெட்டிக்குள் வந்து சேரும். அப்போது நல்ல தாதுவே மதிப்பீட்டில் காணாமல் போகும். மூவடுக்குக் குழாய் கொண்டு துளையிட்டால் இந்த இழப்பு குறையும். மீட்பு குறைந்த இடைவெளிகளைச் சராசரியில் ஓசையின்றிக் கலந்துவிடாமல், தனியே குறித்து, அவற்றைச் சேர்த்தும் விட்டும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆய்வக எண்களைச் சோதித்தல்

தரம் தெரிந்த சான்று மாதிரி, தாது இல்லாத வெற்று மாதிரி, ஒன்றையே இருமுறை அனுப்பும் இரட்டை மாதிரி ஆகியவற்றை ஆய்வகத்துக்குத் தெரியாமல் வரிசையில் செருகி அனுப்புவது எல்லாக் கனிமங்களுக்கும் பொதுவான நடைமுறை. தங்கத்துக்கு வாய்க்காத ஒரு வசதி இரும்புத் தாதுக்கு உண்டு: பாறையின் முக்கியக் கூறுகள் அனைத்தையும் அளந்துவிடுவதால், அவற்றின் கூட்டுத்தொகை 100ஐ ஒட்டி வர வேண்டும். இரும்பை ஃபெரிக் ஆக்சைடாக மாற்ற 1.43ஆல் பெருக்கி, அதோடு சிலிகா, அலுமினா, பாஸ்பரஸ், மாங்கனீசு முதலியவற்றின் ஆக்சைடுகளையும், சூடாக்கும்போது ஏற்படும் எடை இழப்பையும் கூட்டிப் பாருங்கள்.

மேக்னடைட் மாதிரியில் இந்த எடை இழப்பு குறை எண்ணாக வரும். அதைத் தட்டச்சுப் பிழை என்று எண்ணித் திருத்திவிடக் கூடாது. சூடாகும்போது மேக்னடைட் காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்று ஹேமடைட்டாக மாறுவதால், அதன் எடை ஏறத்தாழ 3.45 சதவீதம் கூடுகிறது. 35 சதவீத இரும்பும் மீதம் முழுவதும் குவார்ட்ஸும் உள்ள மாதிரியில் ஃபெரிக் ஆக்சைடு 50.04, சிலிகா 51.63, மொத்தம் 101.67, எடை மாற்றம் மைனஸ் 1.67, கணக்கு சரியாக 100இல் வந்து நிற்கிறது. அதோடு, மேற்பரப்பை நெருங்க நெருங்க அந்தக் குறை எண் சுழியை நோக்கி நகர்ந்தால், மார்ட்டைட் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதையும் அதே பட்டியல் காட்டிக் கொடுத்துவிடும்.

அடர்த்தி

தரத்துக்காக ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, அடர்த்திக்குப் பத்துக் கற்களை எடைபோட்டு ஒரே சராசரியை மலை முழுவதற்கும் பூசும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. டன் கணக்கில் நேரடியாகப் பெருக்கப்படுவது அடர்த்திதான். உண்மையில் 3.1ஆக (ஒரு கன மீட்டருக்கு 3.1 டன்) இருக்கும் நுண்துளைத் தாதுக்கு 3.5 என்று வைத்தால், இல்லாத தாது சுமார் 13 சதவீதம் கணக்கில் ஏறிவிடும்.

நுண்துளையற்ற மேக்னடைட் குவார்ட்சைட்டில் அடர்த்தி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்துக்கொள்ளலாம். மேக்னடைட்டின் அடர்த்தி 5.18, குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இரும்பு முழுவதும் மேக்னடைட்டில் இருக்கிறது என்று கொண்டால், 35 சதவீத இரும்புள்ள பாறையின் எடையில் 48.4 சதவீதம் மேக்னடைட். ஒரு டன் பாறையில் மேக்னடைட் பிடிக்கும் இடம் 0.093 கன மீட்டர், குவார்ட்ஸ் பிடிக்கும் இடம் 0.195 கன மீட்டர். எனவே அடர்த்தி 3.47. இரும்பு 30 சதவீதமானால் 3.32, 40 சதவீதமானால் 3.63. அளந்த அடர்த்தி இந்தக் கோட்டுக்கு வெகு கீழே விழுந்தால் பாறையில் நுண்துளைகள் இருக்கின்றன. மேலே ஏறினால், இரும்பு கனமான சிலிகேட்டுகளிலும் இருக்கிறதா, தராசு சரிதானா என்று பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு, உலர்த்தி எடைபோட்ட கோர் துண்டை நீரில் அமிழ்த்தி மீண்டும் எடைபோடும் முறை போதும். நுண்துளைகள் உள்ள துண்டுக்கு மெழுகு பூசாமல் நீரில் விட்டால், துளைகளில் நீர் புகுந்து அடர்த்தி கூடுதலாகக் காட்டும். பொடித் தாதுக்கு இந்த முறை உதவாது. குழி வெட்டி, எடுத்ததை எடைபோட்டு, குழியின் கன அளவை அளப்பதே அங்கே வழி.

தரம் கூடும்போது அடர்த்தியும் கூடுவதால், சராசரி எடுக்கும்போதும் அடர்த்தியை மறக்கக் கூடாது. 60 சதவீத இரும்பும் 4.2 அடர்த்தியும் உள்ள 2 மீட்டரையும், 30 சதவீத இரும்பும் 3.3 அடர்த்தியும் உள்ள 2 மீட்டரையும் நீளத்தால் மட்டும் சராசரியாக்கினால் 45 வரும். நீளத்தோடு அடர்த்தியையும் எடையாகச் சேர்த்தால் 46.8 வரும்.

எல்லைகளை வரைதல்

கஞ்சமலையின் படுகைகள் தட்டையாகக் கிடப்பவை அல்ல. அந்த மலையே சின்க்ளைன் எனப்படும் தொட்டி வடிவ மடிப்பு. இரு பக்கச் சரிவுகளிலும் படுகைகள் உள்நோக்கிச் சாய்கின்றன. இரு சரிவுகளிலும் தெரியும் பட்டைகள் அடியில் ஒன்றாக இணைகின்றனவா, எந்த ஆழத்தில் இணைகின்றன என்பதைத் துளையிட்டு உறுதி செய்யாமல் வளைகோடு போட்டு இணைத்துவிட்டால், கோடிக்கணக்கான டன் வெறும் பென்சிலிலிருந்து பிறந்துவிடும். மடிப்பின் மையத்தில் படுகை தடித்தும், சரிவுகளில் மெலிந்தும் இருப்பது இயல்பு என்பதால், மையத்தில் கண்ட தடிமனைச் சரிவுகளுக்கு நீட்டுவதும் ஆபத்து.

தாதுப் படுகை, மார்ட்டைட் பகுதி, புதிய மேக்னடைட் பகுதி, இடையில் சுவர்போல ஊடுருவிய டோலரைட் எரிமப்பாறை டைக்குகள், சரிவில் உருண்டு கிடக்கும் உதிரித் தாது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை வேண்டும். ஒன்றின் மாதிரிகள் இன்னொன்றின் தரத்தைத் தீர்மானிக்க அனுமதிக்கக் கூடாது. கோரின் மீது பாறை எவ்வளவு காந்தமாகும் என்று அளக்கும் கையடக்கக் காந்த ஏற்புத்திறன் கருவியை நகர்த்திப் பெறும் எண்கள், இந்த எல்லைகளைச் செலவில்லாமல் துல்லியமாக்கும்.

டேவிஸ் குழாய்ச் சோதனை

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டேவிஸ் உருவாக்கிய இந்தக் கருவியில், அரைத்த மாதிரியை வலுவான காந்தங்களுக்கு நடுவே சாய்ந்தாடும் கண்ணாடிக் குழாயில் நீரோடு விடுவார்கள். காந்தம் பிடித்து வைப்பதன் எடை, மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்பதே எடை மீட்பு. 35 சதவீத இரும்புள்ள மாதிரியில் எடை மீட்பு 40, காந்தம் பிடித்த செறிவின் தரம் 67 என்றால், பாறையிலிருந்த இரும்பில் 76.6 சதவீதம் செறிவுக்கு வந்திருக்கிறது, கழிவில் 13.7 சதவீத இரும்பு எஞ்சியிருக்கும். கழிவை உண்மையிலேயே ஆய்வு செய்து இந்த எண்ணோடு ஒப்பிடுவது நல்ல காவல்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். எல்லா மாதிரிகளையும் ஒரே நுண்மைக்கு அரைக்க வேண்டும். ஒரு பகுதியை அதிகமாகவும் இன்னொரு பகுதியைக் குறைவாகவும் அரைத்துவிட்டு முடிவுகளை ஒரே கணினி மாதிரிக்குள் போடுவது அர்த்தமற்றது. அடுத்து, செறிவின் தரத்தை நேராகச் சராசரியாக்கக் கூடாது. மீட்பு 40, தரம் 68 உள்ள மாதிரியையும், மீட்பு 20, தரம் 62 உள்ள மாதிரியையும் சேர்த்தால் செறிவின் தரம் 65 அல்ல, 66. ஏனெனில் முதல் மாதிரி இரு மடங்கு செறிவைத் தருகிறது.

கட்டங்களாகப் பிரித்தலும் கிரிகிங்கும்

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிகே தொடங்கி, பிரான்சில் ஜார்ஜ் மாத்தரோன் கோட்பாடாக்கிய கிரிகிங் முறையே, அதாவது அருகிலுள்ள மாதிரிகளுக்குத் தக்க எடை கொடுத்து இடைப்பட்ட இடத்தின் தரத்தைக் கணிக்கும் முறையே, இன்று பெரும்பாலும் பயன்படுகிறது. துளை இடைவெளியில் பாதி முதல் கால் பங்கு வரையிலான அளவில், மலையைக் கணினியில் பிரிக்கும் கட்டங்களை வைப்பது வழக்கம். அதைவிடச் சிறிதாக்கினால் படம் அழகாகும், உண்மை கூடாது. மடிப்புள்ள படுகையில் தேடல் நீள்வட்டம் (ஒரு கட்டத்துக்கு எந்த மாதிரிகளை எடுப்பது என்று வரையறுக்கும் எல்லை) படுகையின் வளைவோடு திரும்ப வேண்டும். இல்லையெனில் ஒரு சரிவின் மாதிரி எதிர்ச்சரிவுக்குத் தரம் கொடுக்கும். இரும்பு, சிலிகா, அலுமினா முதலிய எல்லாவற்றுக்கும் ஒரே தேடல் அமைப்பை வைத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டுத்தொகை 100ஐ ஒட்டியே நிற்கும். முடிந்ததும், வெட்டுமுகங்களில் கட்டத்தையும் துளையையும் அருகருகே வைத்துக் கண்ணால் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனையை நான் இன்னும் காணவில்லை.

வகைப்படுத்தி அறிவித்தல்

வளங்களை அறிவிப்பதற்கான ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதித்தொகுப்பின்படி வளம் ஊகிக்கப்பட்டது, சுட்டப்பட்டது, அளவிடப்பட்டது என மூன்று நம்பக நிலைகளாகும். கையெழுத்திடுபவருக்கு அந்த வகைத் தாதில் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும். இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் கனிம உள்ளடக்கச் சான்று விதிகள், ஐ.நா. வகைப்பாட்டைப் பின்பற்றி தொடக்கநிலையான ஜி-4 முதல் விரிவான ஜி-1 வரை ஆய்வு நிலைகளை வகுக்கின்றன. துளை இடைவெளியை மட்டும் வைத்து நிலையைத் தீர்மானிக்காமல், அடர்த்தி அளவைகள், கோர் மீட்பு, டேவிஸ் குழாய் முடிவுகள் ஆகியவையும் அதே நெருக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வெட்டி எடுக்க நியாயமான வாய்ப்பில்லாத பாறை எவ்வளவு இருந்தாலும் அது வளமாகாது. கர்நாடகத்தின் குதிரேமுக்கில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2005 டிசம்பர் 31இல் சுரங்கப் பணி நின்றபோது, மலையிலிருந்த மேக்னடைட் ஒரு கிராமும் குறையவில்லை. ஆனால் அதைத் தோண்டலாம் என்ற அடிப்படை மறைந்தது. எனவே காடு, கோயில், குடியிருப்பு, நீர்நிலை ஆகியவற்றின் கீழே கிடக்கும் கட்டங்களை மாதிரியில் தனியே குறித்து, அறிக்கையிலும் தனியே காட்ட வேண்டும்.

இறுதி அட்டவணையில் டன் உலர் எடையா ஈர எடையா, வெட்டுவரம்பு (தாது என்று கணக்கில் சேர்க்கும் குறைந்தபட்ச அளவு) மொத்த இரும்பா எடை மீட்பா, சோதனைக்கு எத்தனை மைக்ரானுக்கு அரைக்கப்பட்டது ஆகியவை இடம்பெற வேண்டும். மென்பொருள் 7,43,81,926 டன் என்று காட்டினால், ஊகிக்கப்பட்ட நிலையில் அதை 7.4 கோடி டன் என்றே எழுதுங்கள்.