பெருநாள் பந்தியும் நிறைக்குறைப்பும்: பயப்படாமல் சாப்பிட ஒரு செய்முறை

கொழும்பில் இருந்துகொண்டு நிறை குறைக்க முயல்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே யாருடைய பெருநாளும் அவரவர் வீட்டோடு நிற்பதில்லை. தீபாவளிக்கு நாம் கொடுத்தனுப்பிய முறுக்கும் அரியதரமும் டிசம்பரில் கிறிஸ்மஸ் கேக்காகத் திரும்பி வரும். தைப்பொங்கல் முடிந்து கொஞ்சம் மூச்சு விட்டால் நோன்புப் பெருநாள் வட்டிலப்பம், அதன் பின்னால் சித்திரைக்குக் கெவுமும் கொக்கிஸும். 2024 இல் நோன்புப் பெருநாளும் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருப்பவருக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இது எனக்குச் சந்தோஷமான விடயம். அந்தத் தட்டுகள் வருவது நின்றுபோக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கமாட்டேன். ஆனால் பந்திக்குப் போகும் முன்னமே "இன்றைக்கு எல்லாம் கெட்டுப்போகும்" என்ற பயம், சாப்பிட்ட பிறகு வருகிற மனவருத்தம் இரண்டும் இல்லாமல் பெருநாளைக் கொண்டாடலாம். நான் கடைப்பிடிக்கிற முறையைக் கீழே எழுதுகிறேன். ஏற்கெனவே நிறை குறைக்கத் தொடங்கி, சோறு, எண்ணெய், சீனி பற்றிய அடிப்படை தெரிந்தவர்களுக்கானது இது. அவற்றை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

படி 1: கலண்டரை எடுங்கள்

சுவரில் மாட்டுகிற சாதாரணக் கலண்டர் போதும். வரப்போகிற மூன்று மாதத்தில் நீங்கள் உண்மையில் பந்தியில் உட்காரப் போகிற நாட்களை மட்டும் வட்டமிடுங்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான் வரும். மிச்சமெல்லாம் வழக்கமான நாட்கள்.

அமெரிக்காவில் 195 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி வரையான பண்டிகைக் காலத்தில் அவர்களுக்குக் கூடிய நிறை சராசரியாக 0.37 கிலோ. அரைக் கிலோகூட இல்லை. ஆனால் தங்களுக்கு ஏறியதாக அவர்கள் நினைத்தது அதைவிட எவ்வளவோ அதிகம். இந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: ஏறிய அந்தச் சிறு அளவு பிறகு வந்த மாதங்களில் இறங்கவில்லை. ஆகவே ஒரு நாள் விருந்தை நினைத்துப் பயப்பட ஒன்றும் இல்லை. விருந்துகளுக்கு இடையில் கிடக்கிற வாரங்களைத்தான் கவனிக்க வேண்டும். மீதிப் படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

படி 2: காலையில் பட்டினி கிடக்க வேண்டாம்

மதியம் நன்றாகச் சாப்பிடலாம் என்று காலையில் வெறும் தேத்தண்ணியோடு நிறுத்துவது நம் வீடுகளில் வழக்கம். அதை விடுங்கள். பசியோடு பந்தியில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் கைதான் முடிவெடுக்கும்.

1975 இல் ஹேர்மன், மக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஐஸ்கிறீம் வைத்து, விரும்பிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிறீமைக் குறைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி வாழ்கிறவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். "இன்றைக்கு இனிக் கெட்டுப்போச்சு, நாளைக்குப் பார்ப்பம்" என்ற நினைப்பு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமோ, அது அறுந்தால் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும்.

காலைச் சாப்பாட்டில் புரதம் இருக்கட்டும். இரண்டு அவித்த முட்டை, அல்லது அவித்த கடலை ஒரு கிண்ணம். இடியப்பம்தான் வேண்டுமென்றால் பருப்புக் கறியைக் கூட்டி, சம்பலைக் குறையுங்கள். அது போதும்.

படி 3: பந்தியில்

முதலில் என்னென்ன இருக்கிறது என்று முழுவதும் பாருங்கள். பார்க்காமல் தொடங்கினால் சோறும் பருப்பும் பப்படமும் வயிற்றை நிரப்பிவிடும், நீங்கள் ஆசைப்பட்டது கடைசியில் வரும், அதையும் விட மனம் வராது. உங்களுக்கு உயிரான இரண்டு பண்டங்களைத் தீர்மானித்து, அவற்றுக்கு இடம் வைத்துச் சோற்றைக் குறையுங்கள். ஒரு கப் சோறு ஏறத்தாழ 200 கலோரி. வருடத்தில் எல்லா நாளும் கிடைக்கிற சோற்றைக் குறைத்து, வருடத்தில் ஒரு முறை வருகிற வட்டிலப்பத்தை ஆறுதலாக, கரண்டி கரண்டியாக ருசித்துச் சாப்பிடுவதுதான் சரி என்பது என் கருத்து. கித்துள் கருப்பட்டியில் செய்தது என்பதற்காக அது சீனி இல்லாத பண்டம் ஆகிவிடாது. ஆனால் ஒரு துண்டால் ஒன்றும் நடந்துவிடாது.

குடிபானத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். சோடாவில் வயிறு நிறையாது, சீனி மட்டும் உள்ளே போகும். இலங்கையில் 2016 இல் மென்பானப் போத்தல்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அப்படியான பானம் ஒரு கிளாஸ், அதாவது 250 மில்லிலீற்றர் குடித்தால் 27 கிராமுக்கு மேல் சீனி. அந்த இடத்துக்குத் தண்ணீர், மோர், அல்லது சீனி போடாத இளநீர்.

அடுத்தது உபசரிப்பு. "போதும்" என்ற சொல் எங்கள் மாமிமாரிடம் எடுபடாது. "நல்லா இல்லையோ பிள்ளை?" என்று முகம் வாடிவிடும். அதனால் தட்டு வெறுமையாக முன்னமே பேச்சைத் தொடங்குங்கள்: "மாமி, இந்தக் கத்தரிக்காய்க் குழம்பு எப்பிடி வைச்சனீங்கள்?" அவர் செய்முறை சொல்லத் தொடங்குவார். அகப்பை கையிலேயே நிற்கும். அதற்கும் மேல் வற்புறுத்தினால், "இப்ப வயிறு முட்டிப்போச்சு மாமி, பின்னேரத்துக்கு ஒரு துண்டு கட்டித் தாங்கோ, வீட்ட போய் ஆறுதலாச் சாப்பிடுறன்." இதில் பொய் எதுவும் இல்லை, மறுப்பும் இல்லை. அவருக்குத் தேவை தன் கையால் செய்தது உங்களிடம் சேர வேண்டும் என்பதுதான். அதற்கு மரியாதை கொடுத்தால் அளவு பற்றி அவர் சண்டை பிடிக்கமாட்டார்.

சாப்பிட்டு ஒரு கால் மணி நேரம் நடவுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் என்றால் மரைன் டிரைவ், கோட்டைப் பக்கம் என்றால் காலிமுகத்திடல். சாப்பிட்டதை எரிக்க என்று நினைத்து நடக்க வேண்டாம், அவ்வளவு எரியாது. சாப்பிட்ட உடன் இரத்தத்தில் சீனி ஏறுவதை அந்த நடை கொஞ்சம் தணிக்கும், பலகாரத் தட்டு இருக்கிற மேசையிலிருந்தும் உங்களை எழுப்பிவிடும்.

படி 4: அடுத்த நாள் காலை, தராசு

எனக்கு அதிக காலம் பிடிபடாமல் இருந்த இடம் இது. பலர் முயற்சியையே கைவிடுவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெருநாளுக்கு மறுநாள் காலை தராசில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டும். சிலருக்கு இரண்டு கிலோ. மனம் விட்டுப்போகும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். உங்கள் உடலுக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் அன்றைக்கு 9,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்த மாமி வற்புறுத்தினாலும் அது நடக்காது. நன்றாகவே சாப்பிட்டு 1,500 கலோரி கூடியது என்றால், கொழுப்பாக ஏறக்கூடியது 200 கிராம் அளவு.

அப்படியானால் மீதி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தண்ணீர். சோறும் இனிப்பும் உடலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்படும். அதில் ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும். நிறை குறைக்கிறவர்களிடம் இந்தச் சேமிப்பு வற்றிப்போய் இருக்கும், ஆகவே ஒரு விருந்தில் அது சடசடவென்று நிரம்பும். 300 கிராம் கிளைக்கோஜன் நிரம்பினாலே தண்ணீரோடு சேர்த்து 1.2 கிலோ. அதற்கு மேல் ஊறுகாய், மோர்மிளகாய், பப்படத்தில் உள்ள உப்பு பிடித்து வைக்கிற தண்ணீர். பிறகு, இன்னும் குடலில் இருக்கிற சாப்பாட்டின் சொந்த நிறை. பெண்களுக்கு மாதவிடாய் அண்டிய நாட்கள் என்றால் அதுவும் சேரும். நீங்கள் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் இவையெல்லாம் சில நாட்களில் தானாக இறங்கிவிடும்.

இதைத் தெரியாதவர் அந்த எண்ணைப் பார்த்து இரண்டில் ஒன்றைச் செய்வார். ஒன்று, மறுநாள் முழுப் பட்டினி. அதன் முடிவு இரவு பத்து மணிக்குப் பலகாரப் பேணியின் முன்னால். மற்றது, "இனி ஜனவரியில் பார்ப்பம்" என்று விட்டுவிடுவது. நிறை உண்மையில் ஏறுவது அந்த ஜனவரி வரையான நாட்களில்தான்.

ஆகவே விதி இது: பெருநாளிலிருந்து ஐந்து நாட்களுக்குத் தராசை அலுமாரிக்கு மேல் தூக்கி வையுங்கள். மறுநாள் வழக்கமான காலைச் சாப்பாடு, வழக்கமான மதியச் சாப்பாடு. தண்டனையும் வேண்டாம், சலுகையும் வேண்டாம். ஆறாம் நாள் காலையில், மலசலம் கழித்து, சாப்பிட முன்னர், சமமான சீமெந்துத் தரையில் வைத்து நிறுத்துப் பாருங்கள். கம்பளத்தின் மேல் வைத்தால் தராசு சரியாகக் காட்டாது.

கருவிகளில் என் தெரிவு தையல்காரர் பாவிக்கிற துணி நாடா. புறக்கோட்டையில் மலிவாக வாங்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபடி அளக்க வேண்டும். தெற்காசியர்களுக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்ரிமீற்றர் என்பது கவனிக்க வேண்டிய எல்லை. கலோரி எண்ணும் செயலிகளைப் பெருநாள் காலத்தில் நான் பரிந்துரைக்கமாட்டேன். அரியதரமும் பயற்றம் உருண்டையும் வீட்டுக்கு வீடு வேறு அளவு, வேறு எண்ணெய். செயலி காட்டும் எண்ணை நம்ப முடியாது, பதற்றம்தான் மிச்சம். ஒரு சீஆர் கொப்பியில் இடுப்பளவையும் திகதியையும் எழுதி வைத்தால் போதும்.

படி 5: பலகாரப் பேணி

எண்ணெயில் பொரித்த மாவும் சீனியும், எப்போதும் கைக்கு எட்டிய தூரத்தில், வாரக்கணக்கில். முதலாம் படியில் சொன்ன அந்த இடைப்பட்ட வாரங்கள் இவைதான். தொலைக்காட்சி பார்க்கும்போது ஒன்று, தேத்தண்ணியோடு ஒன்று, சமைக்கும்போது உடைந்த பாதி. எதுவும் சாப்பாடாகக் கணக்கில் வராது.

தட்டு வந்த அன்றே பிரியுங்கள். ஒவ்வொருவருக்கும் விருப்பமானதை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்து, மீதியை அன்றைக்கே அலுவலகத்துக்கோ, காவலாளி அண்ணைக்கோ, அடுத்த வீட்டுக்கோ கொடுங்கள். வைத்திருக்கப் போவதைக் கண்ணாடிப் போத்தலில் போடாமல் உள்ளே தெரியாத பேணியில் போட்டு, எழும்பிப் போய் எடுக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். கிறிஸ்மஸ் கேக்கை நம் ஊரில் துண்டு துண்டாகத் தாளில் சுற்றிக் கொடுப்பது நல்ல வழக்கம். ஒன்றைப் பிரித்தால் ஒன்றுதான். அதே மாதிரி பயற்றம் உருண்டையையும் இரண்டிரண்டாகச் சுற்றி வைக்கலாம்.

வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், அதற்காகவே வீட்டில் மறுபடி எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். அதற்குப் பதிலாகப் பழம் வைத்துக் கொடுங்கள். கோழிக்கூட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு, நல்ல பப்பாசி ஒன்று. யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள்.

பின்சேர்க்கை

இதை வாசித்தவர்கள் கேட்ட சிலவற்றுக்குப் பதில்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் தாங்களாக மாற்ற வேண்டாம். பெருநாளுக்கு முன்னமே டொக்டரிடம் கேட்டு வையுங்கள். சாப்பாட்டைத் தவிர்த்து மருந்தை மட்டும் எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

அலுவலக மேசையில் நாள் முழுக்கத் திறந்து கிடக்கிற பெட்டியை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். பத்து மணித் தேத்தண்ணியோடு ஒன்று எடுத்து, இருந்து சாப்பிடுங்கள். பிறகு பெட்டியை மூடி வேறு மேசைக்கு நகர்த்துங்கள். மூடுவது மட்டுமே பாதி வேலையைச் செய்துவிடும்.

இன்னொருவர் எழுதியது என்னை யோசிக்க வைத்தது. சாப்பிட்ட பிறகு குற்ற உணர்ச்சி தாங்காமல் வாந்தி எடுப்பதாகவும், யாருக்கும் தெரியாமல் நிறுத்த முடியாமல் சாப்பிடுவதாகவும் சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் மேலே உள்ள படிகள் எதையும் செய்ய வேண்டாம். நிறைக்குறைப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு டொக்டரைப் பாருங்கள். இது சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நோய், மனவுறுதிக் குறைவு இல்லை. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.