துணைப் பொதியை யார் கொண்டுவருவது? ஆர்ச் முதல் ஓப்பன்பிஎஸ்டி வரை, புதியவர்களுக்கு

நான் கல்லடியில், என் மருமகன் களுவாஞ்சிக்குடியில். அவனுக்கு லினக்ஸ் (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்) நிறுவக் கற்றுக்கொடுத்தது முழுக்கத் தொலைபேசியில்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் "மாமா, பெரிய எஸ்ஸா, சின்ன எஸ்ஸா?" என்று கேட்பான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன்.

உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களை நிறுவினால் உலாவியிலிருந்து எழுத்துரு வரை எல்லாம் கூடவே வந்துவிடும். நான் சொல்லப்போவது நாமே ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்ளும் வகை: ஆர்ச், ஜென்டூ, ஸ்லாக்வேர், அப்புறம் லினக்ஸே அல்லாத வேறு இயங்குதளங்களான ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி. இவற்றில் எது நல்லது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒரு மென்பொருள் ஓட வேறு நாலு பொதிகள் (நிறுவுவதற்கென்று கட்டிவைத்த மென்பொருள் மூட்டைகள்) வேண்டும் என்றால் அந்த நாலையும் யார் தேடிக் கொண்டுவருவது? அதைக் கேளுங்கள். நிறுவும் பாடு ஒரு நாளோடு முடிந்துவிடும், பொதிகளைப் போடவும் புதுப்பிக்கவும் உதவும் பொதி மேலாளரோடுதான் அதன் பிறகு குடித்தனம்.

படி 1: தயாராகுங்கள்

வேலை செய்யும் கணினியில் கை வைக்காதீர்கள். கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் வர்ச்சுவல்பாக்ஸில் ஒருமுறை செய்து பாருங்கள், அல்லது மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பை எடுங்கள். நிறுவல் கோப்பை இறக்கியதும் அதன் ஷா256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இணைப்பு விட்டு விட்டு வரும்போது கோப்பு பழுதாவது சாதாரணம். எங்கள் வீட்டு இணைப்பில் இரவுக்குத் தனி டேட்டா இருப்பதால் பெரிய கோப்பையெல்லாம் நள்ளிரவுக்குப் பிறகே இறக்குவேன்.

படி 2: ஆர்ச்சில் தொடங்குங்கள்

2002இல் வந்த ஆர்ச்சில், பென்டிரைவிலிருந்து ஏறியதும் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரைதான். 2021 முதல் ஆர்ச்இன்ஸ்டால் என்ற உதவி நிரலும் கூடவே வருகிறது. முதல்தடவை அதைத் தொடாதீர்கள் என்பேன். கையால் செய்தால்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

வரிசை இதுதான். சிஎஃப்டிஸ்க் கொண்டு வட்டைப் பிரியுங்கள். பிரித்ததை வடிவமைத்து, எம்என்டி அடைவில் ஏற்றுங்கள். பிறகு பேக்ஸ்ட்ராப் கட்டளையால் மூன்று பொதிகளை இறக்குங்கள்: பேஸ், லினக்ஸ், லினக்ஸ்-ஃபர்ம்வேர் (வைஃபை சில்லு போன்ற வன்பொருள்களுக்கான நிரல்கள்). எந்தப் பிரிவு எங்கே ஏற வேண்டும் என்ற பட்டியலுக்காக ஜென்எஃப்எஸ்டேப் ஓட்டி, ஆர்ச்-சிரூட் வழியாகப் புதிய அமைப்புக்குள் நுழையுங்கள். நேர வலயத்துக்கு ஆசியாவின் கீழ் கொழும்பு. கடவுச்சொல் வையுங்கள், கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் போடுங்கள்.

மறுதொடக்கத்துக்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இணைய இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் போட்டீர்களா? நான் முதல்தடவை போடவில்லை. பென்டிரைவில் வைஃபை நன்றாக ஓடியதால் அது தானாகவே வரும் என்று நினைத்துவிட்டேன். மறுதொடக்கம் செய்தால் உள்நுழையலாம், ஆனால் இணையம் இல்லை; இணையம் இல்லாமல் அதை இறக்கவும் வழியில்லை. இப்படி மாட்டினால் பயப்படாதீர்கள். திரும்பப் பென்டிரைவிலிருந்து ஏறி, அதே பிரிவை எம்என்டியில் ஏற்றி, ஆர்ச்-சிரூட்டால் நுழைந்து, விட்டதைப் போட்டு, சிஸ்டம்சிடிஎல் இனேபிள் கட்டளையால் அதை இயக்கிவிடுங்கள். பத்து நிமிட வேலை. எனக்கு இது தெரியாததால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன்.

ஆர்ச்சின் பொதி மேலாளரான பேக்மேன் துணைப் பொதிகளைத் தானே கொண்டுவரும். நிறுவ: பேக்மேன், கோடு, பெரிய எஸ், பொதியின் பெயர். எல்லாவற்றையும் புதுப்பிக்க: கோடு, பெரிய எஸ், சின்ன ஒய், சின்ன யு. அந்த யு-வை விட்டுவிட்டு எஸ், ஒய் மட்டும் அடித்து ஒரு பொதியைப் போடுவது வேண்டாம். பட்டியல் புதிது, உள்ளே இருக்கும் நூலகங்கள் பழையவை என்று ஆகி, நேற்று ஓடியது இன்று ஓடாது.

படி 3: ஜென்டூ, பொறுமை இருந்தால்

ஆர்ச் கடையில் வாங்கிய மா என்றால் ஜென்டூ அரிசி ஊறவைத்து இடிப்பது. ஸ்டேஜ்3 என்ற சுருக்கக் கோப்பை வட்டில் விரித்து, உள்ளே நுழைந்து, எமர்ஜ் கட்டளை கொடுத்தால் மூல நிரல் உங்கள் கணினியிலேயே தொகுக்கப்படும் (ஓடக்கூடிய நிரலாக மாற்றப்படும்). துணைகளை இதுவும் தேடித் தரும். எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் யூஸ் கொடிகள்தான் இதன் அழகு. வீட்டில் பிரிண்டர் இல்லையா? கழித்தல் குறி போட்டு கப்ஸ் என்று எழுதுங்கள். அச்சிடும் வசதி விருப்பத் தேர்வாக உள்ள மென்பொருள்கள் அது இல்லாமலே கட்டப்படும்.

ஆனால் குரோமியம் உலாவி போன்ற பெரிய பொதி பழைய கணினியில் மணிக்கணக்கில் தொகுபடும். மார்கழி மழையில் இடையில் கரண்ட் போனால்? எமர்ஜ் கட்டளையோடு ரெசியூம் சேர்த்தால் மீதிப் பட்டியல் தொடரும்; ஆனால் பாதியில் நின்ற பொதி வழக்கமாக ஆரம்பத்திலிருந்துதான். யூபிஎஸ் இல்லாதவர்கள் 2023 டிசம்பர் முதல் ஜென்டூவே தரும் தொகுத்த பொதிகளை எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: ஸ்லாக்வேர்

1993இலிருந்து இன்றும் உயிரோடிருக்கும் மிகப் பழைய லினக்ஸ் வழங்கல் இது. நிறுவியில் முழுவதையும் போடு என்று சொல்லிவிடுங்கள். காரணம், பொதி போடும் கட்டளையான இன்ஸ்டால்பிகேஜி துணைகளைப் பார்ப்பதே இல்லை. பொதி ஏறிவிடும், ஓடாது. அப்போது எல்டிடி கட்டளைக்கு அந்த நிரலின் பாதையைக் கொடுங்கள். எந்த நூலகத்தின் எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று வருகிறதோ, அதைத் தேடிப்போவது உங்கள் வேலை.

படி 5: பிஎஸ்டி வீடுகள்

லினக்ஸில் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு பொதி, உலாவியும் ஒரு பொதி. நம்மூர் புட்டும் தேங்காய்ப்பூவும்போல எல்லாம் ஒரே குழலுக்குள். ஃப்ரீபிஎஸ்டியின் வழக்கமான முறை வேறு: அடித்தளத்தை ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கவனிக்கும், நீங்கள் சேர்ப்பவற்றைப் பிகேஜி கவனித்து, யூஎஸ்ஆருக்குள் லோக்கல் அடைவில் வைக்கும். சேர்த்த பொதிகள் குழம்பினாலும் அடித்தளம் தப்பிவிடும். ஒன்றை உங்கள் விருப்பப்படி கட்ட வேண்டும் என்றால் மூல நிரலிலிருந்து கட்டித்தரும் போர்ட்ஸ் இருக்கிறது.

ஓப்பன்பிஎஸ்டி நிறுவி கேள்வி கேட்கும், சதுர அடைப்புக்குள் தன் பதிலையும் காட்டும். பெரும்பாலானவற்றுக்கு என்டர் போதும். வட்டுக் கேள்வியில் மட்டும் கண்ணைத் திறந்து வாசியுங்கள், முழு வட்டும் என்றால் பழையதெல்லாம் போய்விடும். சில வைஃபை சில்லுகளுக்கான ஃபர்ம்வேர் நிறுவல் கோப்பில் இருக்காது, ஆகவே கம்பி இணைப்பு கையில் இருக்கட்டும். பொதிக்குப் பிகேஜி-ஆட், நடுவில் கீழ்க்கோடு. திருத்தங்களுக்கு சிஸ்பேட்ச். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு வரும், அதற்கு சிஸ்அப்கிரேட்.

மருமகனிடம் எதைப் போடச் சொன்னேன் என்றால், பழைய லேப்டாப்பில் ஆர்ச், விளையாடிப் பார்க்க வர்ச்சுவல்பாக்ஸில் ஸ்லாக்வேர். இப்போதெல்லாம் இரவு எட்டு மணிக்கு அழைத்து எல்டிடி காட்டும் வரிகளை எனக்கு ஒவ்வொன்றாக வாசிக்கிறான்.